கோபம் போன வீடு

மாவட்டம் தனியாகப் பிரிந்த வருஷம்தான் எங்கள் வீட்டு மாடியில் ஓர் அறை கட்டினோம். செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி உள்ளே திரும்பும் சந்தில் எங்கள் வீடு. அந்தச் சந்தில் அப்போதே பாதிப் பேர் வெளிநாட்டுக்காரர்களுக்கு மாடியை வாடகைக்கு விட்டிருந்தார்கள். அவர்களால் ஒரு தொந்தரவும் இருக்காது, சத்தமே போட மாட்டார்கள், நாள் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று எதிர்வீட்டு அம்மா சொன்னார். எனக்கு அதில்தான் கவலை. சத்தமே பிடிக்காதவர்கள் எங்கள் வீட்டில் எப்படிக் குடியிருப்பார்கள்?

என் வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். எந்த பஸ் எப்போது வந்தது, எப்போது கிளம்ப வேண்டும் என்று ஒரு சின்ன அறைக்குள் உட்கார்ந்து குறித்துக்கொண்டு, ஸ்டாண்டை விட்டு நகராத டிரைவர்களைக் கத்தி விரட்டுகிற வேலை. தொண்டை இல்லாதவர் அந்த வேலையில் ஒரு நாள் தாங்க மாட்டார். இவருக்கு அது தேவைக்கு மேலேயே இருந்தது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலக் கூட்டம் கூடக் கூட இவர் தொண்டையும் ஏறிக்கொண்டே போனது. அங்கே கத்தியதில் மிச்சத்தை வீட்டுக்கும் கொண்டுவருவார். குழம்பில் உப்பு கம்மி என்றால் தட்டு பறக்கும். நானும் லேசுப்பட்டவள் இல்லை. அவர் ஒன்று சொன்னால் நான் இரண்டு சொல்வேன். சந்தில் போகிறவர்கள் எங்கள் வீட்டு வாசலில் கொஞ்சம் நின்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள்.

எங்களுக்கு ஒரே மகள். அவளிடமும் கத்துவார். காய்ச்சல் வந்தால் மழையில் யார் நனையச் சொன்னது என்று கத்துவார். பரீட்சைக்கு முன்னால் படிக்கவில்லை என்று கத்துவார், ராத்திரி கண் விழித்துப் படித்தால் உடம்பு என்னத்துக்கு ஆகும் என்று அதற்கும் கத்துவார். ஒருமுறை சைக்கிளிலிருந்து விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டு வந்தாள். அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். போகிற வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே ஓடினார். அவள் வலியில் அழாமல் அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். நான் பின்னாலேயே ஓடியதால் பார்த்தேன். பார்த்தேனே தவிர, அதில் இருந்ததைப் புரிந்துகொள்ள எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

மாடிக்கு வந்தவர் ஒரு ஜெர்மன் அம்மா. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற டீச்சர். ஜப்பானில் ஏதோ ஒரு மடத்தில் பல வருஷம் இருந்துவிட்டு, அப்புறம் நம் மலையைப் பார்த்து இங்கே வந்தவர். மழை விட்டதும் வருவார், வெயில் ஏறத் தொடங்கியதும் ஊருக்குப் போவார். சாயங்காலமானால் மாடியில் பாயைப் போட்டு, ஒரு மண் கெட்டிலில் பால் விடாத தேநீர் போட்டு எங்களையும் கூப்பிடுவார். ஜென் குருமார்களின் கதைகளை இங்கிலீஷில் சொல்வார். கான்வென்டில் படித்துக்கொண்டிருந்த என் மகள் அதை எங்களுக்குத் தமிழில் சொல்வாள்.

முதல் நாள் அந்த அம்மா கதையை நடித்தே காட்டினார். ஒரு பெரிய படிப்பாளி குருவிடம் பாடம் கேட்க வந்தாராம். குரு அவருடைய கிண்ணத்தில் தேநீரை ஊற்றிக்கொண்டே இருந்தாராம், நிரம்பி வழிந்தும் நிறுத்தவில்லையாம். இதைச் சொல்லிக்கொண்டே அந்த அம்மா என் வீட்டுக்காரர் டம்ளரில் ஊற்றிக்கொண்டே இருந்தார். இவர் பஸ் ஸ்டாண்டு குரலில், எம்மா வழியுது வழியுது என்று கத்தினார். கதையில் அந்தப் படிப்பாளியும் அப்படித்தான் கத்தினாராம். நீயும் இந்தக் கிண்ணம் மாதிரி உன் கருத்துகளால் நிரம்பி வழிகிறாய், காலி பண்ணாமல் உனக்கு நான் என்னத்தை ஊற்றுவது என்று குரு கேட்டாராம். அப்பாவும் மகளும் ஆகா என்றார்கள். நான் கீழே போய்த் துணி எடுத்துவந்து தரையைத் துடைத்தேன். தத்துவம் யார் வேண்டுமானாலும் சொல்லலாம், துடைக்கிறது யார் என்பதை அந்தக் கதைகளில் ஒருவரும் சொல்வதில்லை.

ஆனால் இன்னொரு சாயங்காலம் சொன்ன கதை என் வீட்டுக்காரரை ஆட்டிவிட்டது. ஒருவன் குருவிடம் வந்து, எனக்கு அடக்க முடியாத கோபம் வருகிறது, குணப்படுத்துங்கள் என்றானாம். எங்கே, அந்தக் கோபத்தைக் காட்டு பார்ப்போம் என்றாராம் குரு. இப்போது காட்ட முடியாது, அது திடீரென்று வரும் என்றானாம். நினைத்தபோது எடுத்துக் காட்ட முடியவில்லை என்றால் அது உன்னுடையது இல்லை, உன் அப்பா அம்மா உனக்குக் கொடுத்ததும் இல்லை, யோசித்துப் பார் என்று அனுப்பிவிட்டாராம். இவர் அந்தக் கதையை மகளிடம் மறுபடியும் சொல்லச் சொன்னார். என் மாமனார் இவரைவிடக் கோபக்காரர். மாட்டுக் கயிற்றால் பிள்ளைகளை அடித்தவர். தன் கோபம் அவர் விட்டுப்போன சொத்து, அதை யாராலும் ஒன்றும் பண்ண முடியாது என்றுதான் இவர் அதுவரை நினைத்திருந்தார். அது தன்னுடையது இல்லை என்று யாரோ ஒரு ஜப்பான் சாமியார் சொன்னதும் இவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அதற்கப்புறம் வந்ததுதான் அந்தக் கதை. ஒரு கிராமத்துப் பெண் கல்யாணமாகாமல் கர்ப்பமாகிறாள். யார் என்று வீட்டில் அடித்துக் கேட்க, பயந்துபோய் ஊருக்கு வெளியே இருந்த சாமியாரைக் கைகாட்டிவிடுகிறாள். ஊரே திரண்டு போய் அவரைக் கண்டபடி ஏசுகிறது. அவர் ஒரே ஒரு வார்த்தை சொல்கிறார். குழந்தை பிறந்ததும் கொண்டுபோய் அவரிடமே போடுகிறார்கள். பேர் கெட்டுப்போய், பிச்சை கிடைக்காமல், அவரும் அதை வளர்க்கிறார். ஒரு வருஷம் கழித்து அந்தப் பெண் மனசு தாங்காமல் உண்மையைச் சொல்லிவிட, ஊரே வந்து காலில் விழுந்து குழந்தையைத் திருப்பிக் கேட்கிறது. அப்போதும் அதே வார்த்தைதான். அந்த வார்த்தையைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று என் மகள் கொஞ்ச நேரம் யோசித்தாள். ஓகோ என்று சொல்லிப் பார்த்தாள், அப்படீங்களா என்று சொல்லிப் பார்த்தாள். கடைசியில் "அப்படியா" என்று முடிவு பண்ணினாள்.

என் வீட்டுக்காரர் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். டிரைவர் லேட்டாக வந்து சண்டைக்கு நின்றால் அப்படியா. மேலதிகாரி இவர் பண்ணாத தப்புக்கு இவரைப் பிடித்துக் கத்தினால் அப்படியா. ஆரம்பத்தில் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னார். கழுத்து நரம்பு புடைக்கும், வார்த்தை மட்டும் மெதுவாக வரும். போகப் போக நரம்பும் அடங்கிவிட்டது. சாருக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா என்று கண்டக்டர்கள் என்னிடம் வந்து விசாரித்தார்கள். தட்டு பறப்பது நின்றது. ரசத்தில் உப்பு போடவே மறந்த ஒரு நாள், அதை முழுக்கச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினார். அந்த ஜெர்மன் அம்மா நல்லா இருக்கணும் என்று நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். இருபது வருஷம் கத்தலில் குடும்பம் நடத்தியவளுக்குத்தான் அந்த அமைதியின் அருமை தெரியும். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை.

மகள் படிப்பை முடித்து ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போனாள். லீவுக்கு வரும்போதெல்லாம், வீடு ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்மா என்பாள். கிண்டல் என்று நினைத்து நானும் சிரிப்பேன். ஒருமுறை வழியில் பஸ் கெட்டுப்போய், எப்போதோ வரவேண்டியவள் இருட்டிய பிறகு வந்து சேர்ந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று அப்பா முகத்தைப் பார்த்தாள். அவர் வந்துட்டியா, சாப்பிடு என்று சொல்லிவிட்டுப் பேப்பரைத் திருப்பினார். அவள் சாப்பிடாமலே போய்ப் படுத்துக்கொண்டாள். களைப்பு என்று விட்டுவிட்டேன்.

கூட வேலை செய்கிற ஒரு பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பையன், எங்கள் ஜாதி இல்லை. எங்கள் ஊர்ப் பக்கம் இதற்கெல்லாம் ஒரு வரிசை உண்டு. பெண் விஷயத்தைச் சொன்னதும் அப்பா குதிப்பார், கை நீட்டினாலும் நீட்டுவார். அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுவாள். அப்பா இரண்டு மூன்று நாள் சாப்பிட மாட்டார். அப்புறம் தாய்மாமன் வந்து உட்கார்ந்து, மச்சான் காலம் மாறிடுச்சு என்று ஆரம்பிப்பார். பெண் காலில் விழுவாள். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டே அப்பா நாள் குறிக்கச் சொல்வார். கல்யாணத்தன்று எல்லோரையும்விட ஓடியாடி வேலை செய்வதும் அவராகத்தான் இருக்கும். எத்தனையோ வீட்டில் இதைப் பார்த்தாயிற்று.

என் மகளும் அந்த வரிசைக்குத் தயாராகத்தான் வந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து, முதலில் என்னிடம் சமையல்கட்டில் சொன்னாள். அப்பா அடிச்சாலும் நீ நடுவுல வராதம்மா என்று கேட்டுக்கொண்டாள். கீழ்பென்னாத்தூரில் இருக்கும் என் தம்பிக்கும் முன்னாலேயே போன் பண்ணித் தயாராக இருக்கச் சொல்லியிருந்தாள். அவன் வேட்டியை இஸ்திரி போட்டு வைத்துக்கொண்டு எப்போது கூப்பிடுவார்கள் என்று உட்கார்ந்திருந்தானாம். நானும் அழுவதற்குத் தயாராகத்தான் இருந்தேன். 

அவர் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் எதிரில் நின்று, பையன் யார், எந்த ஊர், என்ன ஜாதி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டுத் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார்.

"அப்படியா," என்றார். "சரி. நீ சாப்பிட்டியா?"

அவ்வளவுதான். மாடிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற எழுந்து போய்விட்டார். அவள் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான்தான் அவளைக் கட்டிக்கொண்டு, பார்த்தியா, எவ்ளோ நல்லபடியா முடிஞ்சுது என்றேன்.  மத்தியான பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாள். சாயங்காலம் தம்பி போன் பண்ணி, இன்னாக்கா, சண்டையே வரலியா என்று கேட்டான். அவன் குரலில் ஏமாற்றம் இருந்தது.

இவர் அன்றைக்குப் பரீட்சை பாஸ் பண்ணிய பிள்ளை மாதிரி இருந்தார். கோபமே வரல பாத்தியா, உள்ள தேடிப் பாத்தேன், ஒண்ணும் இல்ல என்றார். சம்மதம் சொல்லிவிட்டோம், இனி பையன் வீட்டிலிருந்து பேச வருவார்கள், மரியாதையாக நடத்த வேண்டும் என்று சொல்லி இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிவந்தார். நான் புதுக் காப்பி டம்ளர்களை எடுத்துக் கழுவிவைத்தேன். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. 

பையன் வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. அடுத்த மாதம் என் தம்பி மூலமாகத்தான் சேதி வந்தது. ஓசூரில் ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் முடிந்துவிட்டது. எங்களுக்குச் சொல்லவில்லை, மாமனான அவனுக்கும் சொல்லவில்லை. நான் அன்றைக்கு அழுத அழுகையை முன்னாலேயே அழுதிருந்தால் ஒருவேளை எல்லாம் சரியாகியிருக்கும். சம்மதம் சொன்ன பிறகும் கூப்பிடவில்லை என்றால், நம்மைப் பார்த்து அவளுக்கு வெட்கம் என்றுதானே அர்த்தம் என்று அவர் என்னிடம் கேட்டார். பஸ் ஸ்டாண்டு டைம் கீப்பர் அப்பனை அந்த ஆபீஸ் மனிதர்களுக்குக் காட்ட வெட்கம் என்று நானும் நம்பினேன்.

அதற்கும் அவரிடம் ஒரு கதை இருந்தது. இரண்டு சாமியார்கள் ஆற்றைக் கடக்கப் போனபோது, கடக்க முடியாமல் நின்ற ஒரு பெண்ணை மூத்தவர் தூக்கி அக்கரையில் விட்டாராம். பெண்ணைத் தொடலாமா என்று இளையவருக்குக் குமைச்சல். வெகுதூரம் போன பிறகு அதைக் கேட்டாராம். நான் அவளை ஆற்றங்கரையிலேயே இறக்கிவிட்டேன், நீ இன்னும் சுமந்துகொண்டு வருகிறாயா என்றாராம் மூத்தவர். இதைச் சொல்லிவிட்டு, நான் எறக்கி வெச்சுட்டேன், நீயும் எறக்கி வெச்சுடு என்றார் என்னிடம். பெற்ற பிள்ளை ஆற்றில் தூக்கிவிட்ட யாரோ ஒருத்தியா என்று எனக்கு வாய் வரை வந்தது. கேட்கவில்லை. கஷ்டப்பட்டு அமைதியாக இருக்கிறவரைக் கிளறுவானேன் என்று இருந்துவிட்டேன்.

அவர் இறக்கி வைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். டூட்டி முடிந்தும் பெங்களூர் பஸ் வரும்வரை அவர் ஸ்டாண்டை விட்டுக் கிளம்புவதில்லை என்று கூட வேலை செய்கிறவர் ஒருநாள் சொன்னார். ஓசூர் வழியாக வருகிற பஸ் அது. கடைசி ஆள் இறங்கும்வரை பார்த்துவிட்டுத்தான் சைக்கிளை எடுப்பாராம். ஏன் லேட் என்று கேட்டால், ரோட்டில் கூட்டம் என்பார்.

மகள் அவ்வப்போது போன் பண்ணுவாள். அவர் டூட்டியில் இருக்கிற நேரமாகப் பார்த்துத்தான் பண்ணுவாள். ஒவ்வொரு முறையும், பேச்சு முடிகிற இடத்தில், அப்பா ஏதாவது சொன்னாரா என்று கேட்பாள். அவளுக்குப் பயம், அதைப் போக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு நான் ஒரே பதிலைச் சொல்வேன். ஒண்ணும் சொல்லலடி, அவருக்குக் கோபமே இல்ல, நிம்மதியா இருக்காரு என்பேன்.  சரிம்மா என்று வைத்துவிடுவாள். அவள் வயிற்றில் பிள்ளை தங்கியபோது, முதல் பிரசவம், இங்கே வந்துடு என்று கூப்பிட்டேன். அப்பா கூப்பிடச் சொன்னாரா என்று கேட்டாள். அவர் வேணாம்னு சொல்லலியே என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். கேட்டதற்கு அவர், அவ விருப்பம் என்றுதான் சொல்லியிருந்தார். பிள்ளை கிருஷ்ணகிரியில் மாமியார் வீட்டில் பிறந்தது.

ஜெர்மன் அம்மா முட்டி ஆபரேஷனால் சில வருஷம் வராமல் இருந்தார். பேரன் பிறந்த வருஷம் கார்த்திகை தீபத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். அதற்குள் அவருக்குக் கொஞ்சம் தமிழ் வந்திருந்தது. மாடியில் பாயைப் போட்டதும் முதலில் கேட்டது, பொண்ணு எங்கே என்றுதான். என் வீட்டுக்காரர் நடந்ததை எல்லாம் சொன்னார். அப்படியா என்று தான் சொன்னதைச் சொல்லும்போது அவர் குரலில் இன்னமும் கொஞ்சம் பெருமை இருந்தது. அந்த அம்மா தேநீரை ஊற்றாமல் கெட்டிலைக் கீழே வைத்துவிட்டார். பிறகு, தமிழும் இங்கிலீஷுமாக ஒரு கதை சொன்னார். ஊரில் ஒருவர் இறந்துபோக, ஒரு பெரிய குரு பிணத்தின் பின்னால் தேம்பித் தேம்பி அழுதுகொண்டே போனாராம். பற்றை விட்டவர் நீங்கள், அழலாமா என்று சீடர்கள் கேட்டார்களாம். எனக்கு அழுகை வருகிறது, அதனால் அழுகிறேன் என்றாராம் அவர்.

என் வீட்டுக்காரர் காலி டம்ளரைப் பாயில் வைத்தார். "இந்தக் கதைய முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா," என்றார்.

"சொன்னேன் சார்," என்றார் அந்த அம்மா. "உங்க பொண்ணுதான் தமிழ்ல சொல்லிச்சு. நீங்க வேற கதை கேட்டீங்க."

எனக்கும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஆமாம், சொன்னார். இது நல்லா இல்லம்மா, அந்த அப்படியா கதைய இன்னொரு தடவை சொல்லு என்று இவர்தான் மகளிடம் கேட்டார். பின்னால் அந்த அம்மாவிடம் நானே விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அந்தக் குருமார்களில் சீடனை உலுக்கக் கத்துகிறவர்கள் உண்டாம், தடியால் அடிக்கிறவர்களும் உண்டாம். ஒருவனுக்கு அமைதி மருந்து என்றால் இன்னொருவனுக்குச் சத்தம் மருந்து என்று ஆள் பார்த்துக் கொடுப்பார்களாம். இவர் தன் வியாதிக்கு ஒரு மருந்தை எடுத்தார், அது அவருக்குக் கேட்டது. அதையே மகளுக்கும் கொடுத்துவிட்டார். அவளுக்கு அந்த வியாதியே இல்லை.

மறுநாள் காலை காப்பி குடிக்கும்போது, போய்ட்டு வரலாமா என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை. எப்போது என்று மட்டும் கேட்டேன். தீபம் முடியட்டும் என்றார். எங்கள் ஊரில் கார்த்திகை பிறந்துவிட்டால் எல்லோருக்கும் அதுதான் பதில். வெள்ளையடிப்பதா, தீபம் முடியட்டும். பல் பிடுங்குவதா, தீபம் முடியட்டும். அதிலும் பஸ் ஸ்டாண்டுக்காரருக்கு ஸ்பெஷல் பஸ், தற்காலிக ஸ்டாண்டு என்று தலைக்கு மேல் வேலை. இன்றைக்கே லீவு போட்டுட்டு வாங்க, நான் புடவை மாத்திக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். நானும் இந்த ஊரில் பழகியவள்தானே. ஆமாங்க, முடியட்டும் என்று சொல்லிவிட்டு, பேரனுக்குக் கொண்டுபோக முறுக்குக்கு அரிசி இடித்து வைத்தேன்.

தீபத்தன்று தற்காலிக ஸ்டாண்டில் தூறலில் நனைந்துகொண்டே நின்றார். கூட்டம் வடிந்த பிறகுதான் வீட்டுக்கு வந்தார். இரண்டு நாள் ஜுரம். மலை மேல் தீபம் பதினோரு நாள் எரியும்; அது எரிந்துகொண்டிருக்கும்போதே ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது.

மகள் புருஷனோடும் பிள்ளையோடும் வந்தாள். அழவில்லை. பெற்றவன் செத்துக் கிடக்கிறான், கண்ணில் ஒரு சொட்டு இல்லையே என்று சொந்தக்காரர்கள் என் காதுபடவே பேசினார்கள். வந்தவர்கள் எல்லோரும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, உன்னைப் பாக்கணும்னு துடிச்சாரும்மா என்றார்கள். அவரிடம் வருஷக்கணக்கில் பேசாதவர்கள்கூட அதைச் சொன்னார்கள். அவள் ஒவ்வொருவருக்கும் தலையை ஆட்டினாள்.

காரியம் முடிந்து எல்லோரும் போன மறுநாள் காலையில் நானும் அவளும் சமையல்கட்டில் இருந்தோம். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் கேட்காமலே ஆரம்பித்தாள். அன்றைக்கு அவர் ஒரு அறை விட்டிருந்தால் காலைப் பிடித்துக்கொண்டு அங்கேயே கிடந்திருப்பேன் என்றாள். ரோட்டில் போகிற டிரைவருக்குச் சொல்கிற அப்படியாவை எனக்கும் சொன்னார், நீ எவளோ என்று சொன்ன மாதிரி இருந்தது என்றாள். தன்னைத் தலைமுழுகிய அப்பாவுக்கு எப்படிப் பத்திரிகை வைப்பது என்றுதான் பையன் வீட்டையும் வரவேண்டாம் என்று தடுத்துவிட்டாளாம். ஒவ்வொரு போனிலும் ஒரு சின்னத் திட்டாவது வந்திருக்குமா என்றுதான் கேட்டாளாம். நீ ஒவ்வொரு தடவையும் இல்லைனு சொன்னம்மா என்றாள்.

 அவசர அவசரமாக எல்லாவற்றையும் சொன்னேன். அது சம்மதம்டி என்றேன். நாற்காலி வாங்கியதைச் சொன்னேன், பெங்களூர் பஸ்ஸைச் சொன்னேன், தீபம் முடிந்ததும் உன்னைப் பார்க்க வருவதாக இருந்தார் என்றேன். எல்லாம் உண்மை. அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சாவு வீட்ல எல்லாரும் சொல்றதுதாம்மா," என்றாள். ஒரு தண்டை ஒடித்துப் போட்டுவிட்டு, "அவரு என்னை ஒரு தடவையாவது திட்டினாரா? அத மட்டும் சொல்லு," என்றாள்.

அவர் திட்டவில்லை. கல்யாணச் சேதி வந்ததிலிருந்து சாகிற வரைக்கும் அவளைப் பற்றி ஒரு கடுமையான சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. அது எவ்வளவு பெரிய காரியம் என்று அவரை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

"திட்டாமயா?" என்றேன். "தெனம் திட்டுவாரு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். உதடு கோணியது. இன்னான்னு என்று கேட்டாள். பெத்தவன் ஒருத்தன் உயிரோட இருக்கறது தெரியலயா அந்தக் கழுதைக்கு, வரட்டும், வாசப்படி ஏறட்டும், கால ஒடைக்கிறேன்னு குதிப்பாரு என்றேன். பேரனைக் கண்ணுல காட்டாம வெச்சிருக்கா, அவ்ளோ திமிரான்னு கத்துவாரு, சந்தே நின்னு கேக்கும் என்றேன். அவள் கீரையை மடியிலிருந்து தள்ளிவிட்டு, சுவரில் சாய்ந்து, வந்ததிலிருந்து அழாத அழுகையை எல்லாம் அழுதாள். அத்தனை வருஷம் பாடுபட்டு அவர் விட்ட கோபத்தை ஒரே காலையில் நான் அவர் தலையில் திரும்பக் கட்டினேன். அவர் சாதித்தது ஒன்றே ஒன்று, அதையும் அவருடைய மகளிடமிருந்தே மறைக்க வேண்டியதாயிற்று. அது சரியா தப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இன்னும் இன்னா சொன்னாரு என்று அவள் கேட்டாள். எனக்குத் தெரிந்த வசவெல்லாம் தீரும்வரை சொன்னேன்.